ஏட்டில் ஏறாத பிள்ளைக்கு யார் பொறுப்பு?





ஏப்ரல் 2-ஆம் நாளை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று ஐ.நா. பொதுச்சபை 2007-இல் அறிவித்தது. அதையொட்டி நம் வடகரையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று பேச வந்திருக்கிறோம்.

அரசு ஏடுகளில் இதை மதி இறுக்கம் என்று எழுதுவார்கள். இது தொற்றாது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. தாயின் வளர்ப்பில் வந்த குறை அல்ல. தடுப்பூசியால் வருவதும் அல்ல. அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளை, பேசிய பேச்சை இடையில் விட்டுவிட்ட பிள்ளை: இவர்களை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்றும், "கண்ணேறு" என்றும் சொல்லி நாட்களைக் கடத்துகிறோம். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. துஆவும் செய்வோம், பயிற்சிக்கும் அனுப்புவோம். பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

வாப்பா வெளிநாட்டில் இருப்பார். அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பார்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் உம்மா பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம்தான். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவின் கண்ணில் அந்தப் பிள்ளை படுவதில்லை. ஏட்டில் இல்லாத பிள்ளைக்கு அரசு எதையும் ஒதுக்காது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் அதில் ஒன்று. தென்காசியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெறலாம். அந்தச் சான்று இருந்தால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவத்துக்கும் பயிற்சிக்கும் கிடைக்கும். "எங்களுக்குப் பிறகு யார்?" என்று கேட்கும் பெற்றோருக்கும் வழி உண்டு. 18 வயது நிறைந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது.

அடுத்து நம் பேரூராட்சி. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க, 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தேர்தலில் நிற்காமலேயே அந்த இடம் அவர்களுக்கு உண்டு. அந்த உறுப்பினரிடம் நாம் என்ன கேட்கப் போகிறோம்? கோரிக்கை இல்லாமல் நாற்காலி மட்டும் இருந்து பயனில்லை.

முதல் கோரிக்கை தண்ணீர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் யாரும் பார்க்காத நேரத்தில் வெளியே போய்விடுவார்கள். தண்ணீர் அவர்களை இழுக்கும். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். மேக்கரை அடவிநயினார் அணை நிறைந்தால் நமக்குச் சந்தோஷம். வாய்க்காலும் குளமும் நிறையும்போது அந்தத் தாய்க்குத் தூக்கம் போய்விடும். வீடுகளை ஒட்டிய கரைகளில் தடுப்பு வேண்டும் என்று மனுக் கொடுப்போம். பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வைத்தால் காப்பாற்றவும் ஆள் இருக்காது.

இரண்டாவது, பேரூராட்சிப் பூங்காவிலும் அங்கன்வாடியிலும் இவர்களுக்கும் இடம். மூன்றாவது கோரிக்கை நம்மிடமே. பள்ளிவாசலில் ஒரு பிள்ளை சத்தம் போட்டால் வாப்பாவை முறைக்காதீர்கள். குழந்தையின் அழுகை கேட்டுத் தொழுகையைச் சுருக்கியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

அறிவில் சற்றுக் குறை இருந்த ஒரு பெண்மணி, தமக்கு ஒரு தேவை இருப்பதாக நபியவர்களிடம் வந்தார். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பேசலாம் என்று சொல்லி, அவர் பேசி முடிக்கும் வரை கூடவே நின்றார்கள். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) விஷயத்தில் அபஸ அத்தியாயம் இறங்கியது. பின்னாளில், நபியவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்றபோது ஊர்ப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். இரக்கத்தோடு நிறுத்தாமல் பொறுப்பும் கொடுத்தார்கள். அதுவே நமக்கு முன்மாதிரி.

விண்ணப்பம் நிரப்பவும், தென்காசிக்கு அழைத்துப் போகவும் நம் அறக்கட்டளை துணை நிற்கும், இன்ஷா அல்லாஹ். பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், புகைப்படத்தோடு வாருங்கள். வீட்டு விஷயம் வெளியே போகாது.

இந்தப் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதை நிறைவாகப் பேணும் கூட்டத்தில் நம்மைச் சேர்ப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.