நமக்கு ஓய்வு வயசு எது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு வயசைப் பத்திப் பேசலாம். தமிழக அரசு ஊழியர்கள் ஓய்வு பெறும் வயது முன்பு 58. 2020-ல் 59 ஆச்சு, 2021-ல் 60 ஆச்சு. அந்த நாள் வந்தா மாலை போட்டு அனுப்பி வைப்பாங்க. பழவேற்காட்டில் மீன் கூடை தூக்குற அம்மாவுக்கு யாராவது மாலை போட்டதுண்டா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கிராமங்களில் 60 வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்கு 28 பேர் வேலை செய்கிறார்கள். நகரத்தில் 11 பேர்தான். இது கணக்கில் வந்தது மட்டும். கருவாடு காய வைக்கிறது, வலையில் நண்டு கழட்டுறது, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கிறது எல்லாம் செஞ்சுட்டு, யாராவது கேட்டா "சும்மாதான் இருக்கேன்"னு நாமே சொல்லிடுறோமே!

நம்ம வேலை ஒரே நாளில் நிக்கிறது இல்லை. கொஞ்சம் கொஞ்சமா தேயுது. மூட்டு வலி வந்தா பொன்னேரி வரைக்கும் கூடை கொண்டு போனவங்க பக்கத்துத் தெருவோட நின்னுடுறாங்க. ஏலத்தில் எடுக்க கையில் முதல் இல்லாம, மிச்ச மீனை வாங்கி விற்கிறாங்க. ஏரியில் இறங்கி கையால் இறால் தடவிப் பிடிக்கிறவங்களுக்கு, இடுப்பளவுத் தண்ணியில் நாள் முழுக்க நிற்க முடியாமல் போகுது. ஏரியில் பாடு முறையில் ஆண்களுக்குத்தான் பங்கு. வீட்டுக்காரர் போயிட்டா, மகன் கையைத்தான் பார்க்கணும்.

அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயசுக் கதவு உண்டு. அது எப்போ மூடும்னு தெரிஞ்சிருக்கணும்.

முதல் கதவு 40. 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயசுக்குள்தான் சேரலாம். வங்கிக் கணக்கோ அஞ்சலகக் கணக்கோ போதும். 60 வயசுக்கு மேல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க, 18 வயசில் சேர்ந்தா மாதம் 42 ரூபாய், 30-ல் சேர்ந்தா 116, 40-ல் சேர்ந்தா 291 கட்டணும். "இருபது வருஷம் கழிச்சு ஆயிரம் ரூபாய் எதுக்கு ஆகும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். முடிஞ்சவங்க 5,000 வரைக்கும் தேர்ந்தெடுக்கலாம். கட்டியவர் இறந்தால் அதே பென்ஷன் கணவருக்கோ மனைவிக்கோ தொடரும்.

இரண்டாவது கதவு 60. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 கட்டினால், அரசு 3,000 சேர்த்து, மீன் குறைஞ்ச மாதங்களில் 4,500 ரூபாயாகத் தருகிறது. அது 60 வயசு வரைக்கும்தான். அதற்குப் பிறகு முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஆகஸ்டு முதல் அது 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது தானாக வந்துவிடாது. வறுமையில் இருப்பவர்களுக்குத்தான், விசாரணையும் உண்டு.

அங்கேதான் பலர் மாட்டுறாங்க. ஆதாரில் ஏதோ ஒரு வருஷத்தைப் போட்டிருப்பாங்க. நிஜத்தில் 62, அட்டையில் 55 என்றால் ஏழு வருஷ உதவித்தொகை போச்சு. பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த முடியும். அதனால் சரியான சான்றோடு, அவசரமில்லாத காலத்திலேயே திருத்தணும்.

கடைசியா நம்ம குழுக்களைப் பத்தி. கடன் கொடுக்கும்போது "அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, எப்படிக் கட்டும்?"னு ஒதுக்குற பேச்சு வருது. குழு ஆரம்பிச்ச நாளில் சந்தா கட்டி, தவணை தவறாம அடைச்சு, வங்கியில் நமக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவங்க அவங்கதானே? பெரிய கடன் வேண்டாம். கருவாட்டுக்கு மீன் எடுக்கிற அளவுக்கு சின்ன உள்கடன், சின்னத் தவணை கொடுக்கலாமே!

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் மூன்று வேலை செய்யணும். 40 வயசை நெருங்குறவங்க பெயரை எழுதுங்க. 55-ஐத் தாண்டியவங்களின் ஆதாரையும் குடும்ப அட்டையையும் ஒத்துப் பாருங்க. மூத்த உறுப்பினருக்கு உள்கடன் உண்டு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

இன்னைக்கு அவங்களுக்காக எழுதுற தீர்மானம், நாளைக்கு நமக்கும்தான்.