ஆயரின் மேசையில் நிர்வாகப் புத்தகம்

திருச்சபைத் தலைவர்கள் நிர்வாகப் புத்தகங்கள் படிக்கலாமா என்று கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேதம் இருக்க வியாபாரப் புத்தகம் எதற்கு என்பார்கள். அந்த வேதத்திலேயே, யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், மோசே காலை முதல் மாலை வரை தனியாளாக உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார். ஜனங்கள் கால்கடுக்க நிற்கிறார்கள். இப்படிச் செய்தால் தாங்காது, ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடு என்கிறார் மாமனார் எத்திரோ. அவர் மீதியான் தேசத்து ஆசாரியர், இஸ்ரவேலர் அல்ல. மோசே மறுபேச்சில்லாமல் அப்படியே செய்தார்.

ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றால், நிர்வாகவியல் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1967இல் வெளியிட்ட ‘தி எஃபெக்டிவ் எக்ஸிகியூட்டிவ்’ நூலைத்தான் சொல்வேன். மேலே வருவது எப்படி என்ற பேச்சே அதில் இல்லை. உங்கள் நேரம் எங்கே போகிறது, அதை முதலில் எழுதிப் பாருங்கள் என்று தொடங்குகிறார். ஞாபகத்தை நம்பாதீர்கள், அவ்வப்போதே குறித்து வையுங்கள் என்கிறார்.

ஒரு சேகரத்து ஆயரின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் துக்க வீடு. பிறகு பள்ளிக்கூடத்துப் பஞ்சாயத்து. கல்லறைத் தோட்டத்துச் சுவர் இடிந்துவிட்டது என்று இரண்டு பேர். கல்யாண அறிவிப்புக்குப் பெயர் கொடுக்க ஒரு குடும்பம். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்க உட்காரும்போது இரவு பத்தரை. இதில் துக்க வீட்டுக்கு அவர்தான் போக வேண்டும். சுவரைப் பார்க்க அவர் எதற்கு? ஒரு கமிட்டி உறுப்பினர் கொத்தனாரோடு போய் வந்தால் போதாதா? எழுதி வைத்தால்தான் இது கண்ணில் படும். டிரக்கர் இன்னொன்றும் சொல்கிறார்: உங்கள் நேரத்தை நான் எந்த வகையில் வீணாக்குகிறேன் என்று கூட வேலை செய்கிறவர்களிடமே கேளுங்கள். பாடகர் குழுத் தலைவரிடம் ஆயர் இதைக் கேட்கத் தனித் துணிச்சல் வேண்டும்!

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோனைப் பற்றி அதே நூலில் ஒரு செய்தி வருகிறது. ஒரு கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் சரி என்றார்களாம். அப்படியானால் முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைப்போம், அதற்குள் மாற்றுக் கருத்து ஏதாவது பிறக்கட்டும் என்றாராம் ஸ்லோன். நம் கமிட்டிகளில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று நோட்டில் எழுதிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில்தான் உண்மையான கூட்டம் நடக்கும். மாற்றுக் கருத்தை மேசையிலேயே பேச இடம் கொடுத்தால் மரத்தடியில் பாதிக் கூட்டம் குறையும். ஸ்லோன் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் எந்த வேலை யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, வந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவார். அசன விழாவுக்கு அரிசி வாங்கப்போவது யார் என்ற சச்சரவுக்கு இதைவிட எளிய மருந்து எனக்குத் தெரியவில்லை.

டேல் கார்னகியின் 1936ஆம் ஆண்டுப் புத்தகமும் நல்லதுதான். ஆள்களின் பெயரை நினைவில் வை என்கிறது. நல்ல ஆயருக்கு அது முன்பே தெரியும்.

வெற்றி ரகசியம் சொல்லும் நூல்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ஜிம் காலின்ஸ் 2001இல் ‘குட் டு கிரேட்’ நூலில் 11 கம்பெனிகளைப் பொறுக்கி எடுத்து உச்சியில் வைத்தார். அவற்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008இல் திவாலானது. காலின்ஸ் நேர்மையானவர். 2005இலேயே பொதுநல அமைப்புகளுக்கென்று ஒரு சிறு நூல் எழுதி, வியாபார மூளையை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார். கம்பெனித் தலைவர் ஆணையிடலாம். பொதுநல அமைப்பை நடத்துகிறவர் பேசித்தான் இணங்க வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். பெரிய நூலை வாங்குமுன் ஆயர்கள் இந்தச் சிறு நூலைத் தேடிப் படிக்கலாம். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.