நடைபாதை சலுகையல்ல, உரிமை



நம் கடைவீதி ஐந்தடியைப் பாருங்கள். கடைக்குக் கடை ஒரு படி. ஓரத்தில் மூடியில்லாத கால்வாய். நீரிழிவால் காலிழந்து சக்கர நாற்காலியில் வரும் நம் பெரியவர்கள் லாரிகளுக்கிடையே சாலையில்தான் போகவேண்டும்.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26ஆவது பிரிவு பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் மீறுவோருக்குத் தண்டனை இல்லை. 41ஆவது பிரிவோ வழக்கிலிருந்து அரசாங்கத்திற்குப் பாதுகாப்பளிக்கிறது.

ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. நியமன உறுப்பினர்களுக்கு நம் ஓட்டு தேவையில்லை. ஆகவே நம் குரல் ஓயக்கூடாது.

படிகளை அளந்து, படமெடுத்து, தெருப்பெயரோடு மனுக் கொடுப்போம். மன்றத்தின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் எத்தனை சரிவுப்பாதைகள் என்று கேட்போம். பதில் வரும்வரை மாதந்தோறும் போவோம். அவை எல்லா இனத்தாருக்கும் பயன்படும். நம் தெருவுக்கு நாம்தான் கேட்கவேண்டும்.