ரப்பர்த் தோட்டத்தில் விழுந்த கெடுபிடிப் போர்

(ரிச்சர்ட்ஸ் டவுனில் நமது மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏன் பகையாளிகளாயின என்று கேட்டால், பள்ளிப் புத்தகம் பெர்லினைக் காட்டும். நாம் மலாயாவைப் பார்ப்போம். அந்தப் பகைக்கு முதலில் விலை கொடுத்தவர்களில் நம் மக்களும் உண்டு.

ஹிட்லர் இருந்தவரை இரண்டு முகாமும் ஒரே அணி. 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பொது எதிரி வீழ்ந்ததும் பங்காளிச் சண்டை கிளம்பியது. கிழக்கு ஐரோப்பாவில் தன் படை நின்ற நாடுகளில் சோவியத் தனக்கு வேண்டிய ஆட்சிகளை அமைத்தது. 1946 மார்ச்சில் சர்ச்சில் இரும்புத்திரை பற்றிப் பேசினார். 1947 மார்ச்சில் ட்ரூமன் கம்யூனிச எதிர்ப்பை அரசுக் கொள்கையாக்கினார். அதே ஆண்டில் அந்தப் பக்கம் மார்ஷல் திட்டம், இந்தப் பக்கம் கொமின்ஃபார்ம்.

மலாயாவுக்கு வருவோம். ஜப்பான் ஆண்டபோது நம் தோட்டத் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் - பர்மா ரயில்பாதை போட இழுத்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் செத்த நம்மவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நாம் மறக்கக்கூடாத பாதை அது.

அந்த ஜப்பானை எதிர்த்துக் காட்டில் போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஆயுதம் கொடுத்தது பிரிட்டன். அவர்களில் சின் பெங் என்பவருக்குப் பட்டமும் கொடுத்தது. சில ஆண்டுகளில் அதே தலைக்கு விலை வைத்தது.

காரணம் என்ன? போரில் கடனாளியான பிரிட்டனுக்கு டாலர் வேண்டும். டாலரைக் கொண்டுவந்தவை மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும். பால்வெட்டும் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், அது மாஸ்கோ சதியாகத் தெரிந்தது. 1948 ஜூனில் சட்டத்தைத் திருத்தி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தைச் செயலிழக்கச் செய்தார்கள். சில நாட்களில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரநிலை வந்தது. பன்னிரண்டு ஆண்டு நீடித்தது.

சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்துத் தமிழர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றியவர். கைத்துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்கு. நேரு அரசு பரிந்து பேசியும் பலனில்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல்நாள்தான் சங்கத் தலைவர் வீரசேனனைப் படையினர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இதே போன்ற வழக்கில் தூக்குத்தண்டனை பெற்ற சாம்பசிவத்தை 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் விடுவித்தது. ஒருவருக்குக் கயிறு, ஒருவருக்கு விடுதலை!

காட்டுக்குள் இருந்தவர்களும் ஏழையை விட்டுவைக்கவில்லை. ஒத்துழைக்காதவர்களைக் கொன்றார்கள், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துப் பிழைப்பைக் கெடுத்தார்கள். மறுபக்கம், 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 சீனர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். யானைகள் மோதினால் நசுங்குவது புல்தான்.

சங்கங்களும் பிளந்தன. 1945இல் பாரிசில் பிறந்த உலகத் தொழிற்சங்க சம்மேளனம் 1949இல் உடைந்தது. பிரிட்டிஷ் சங்கத்தார் முதலானோர் வெளியேறிப் போட்டி அமைப்புக் கண்டார்கள். நம் நாட்டில் ஏ.ஐ.டி.யு.சி. ஒரு பக்கமும் ஐ.என்.டி.யு.சி. மறுபக்கமும் நின்றன. ஒரே பட்டறை வாசலில் பல கொடிக்கம்பங்கள் நிற்பதற்கு உள்ளூர்ச் சண்டை மட்டும் காரணமல்ல.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. கூலி கேட்டவனுக்கு முத்திரை குத்தும் பழக்கம் கலையவில்லை. அன்று 'மாஸ்கோ கைக்கூலி'. பிழைக்க வந்த நமக்கு 'வெளியாள்' என்ற முத்திரை எப்போதும் தயாராக இருக்கிறது.

ஆகவே தோழர்களே, எந்த வல்லரசுக்கும் நாம் பஜனை பாட வேண்டாம். முத்திரை குத்துகிறவனிடம் வாதாடிப் பொழுதைக் கழிக்கவும் வேண்டாம். "மஸ்டர் ரோலை எடு, கூலிக் கணக்கைக் காட்டு" என்று கேட்போம். கன்னடத் தொழிலாளியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்போம். பதில் சொல்ல வேண்டியவர் அவரே.