யூனிஃபார்ம் மாத்தலாம்... ஆனா எதுவரைக்கும்?

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டுக்குப் பதில் சொல்லப்போறேன். அனுப்பினது, கொடைக்கானல் அட்டுவம்பட்டியில இருக்கற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துல படிக்கற ஒரு தங்கச்சி. என்.சி.சி-யில இருக்காங்க. கேள்வி இதுதான்: "முதல்ல ஏதாவது ஒரு படையில ஆபீசரா சேர்ந்துடறேன் அக்கா. அப்புறம் மாத்திக்கிட்டு கமாண்டோவா போயிடலாம்ல?"

பாதி சரி, பாதி தப்பு. நாம பாக்கற வீடியோ எல்லாம் அமெரிக்கா. அங்க ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கு மாற அதிகாரிகள் விண்ணப்பிக்க முறைப்படி வழி உண்டு. இங்க ரெஜிமென்ட் மாத்தலாம். ஆனா ராணுவத்துல ஆபீசரா சேர்ந்துட்டு, மார்கோஸுக்காகக் கடற்படைக்கு மாறலாம்னு கணக்குப் போடாதீங்க. அப்படி ஒரு வழக்கமான பாதை இல்ல.

ரெஜிமென்ட் மாறுறதுதான் நம்ம சிறப்புப் படையோட பிறப்பே. 1965 போர்ல மேஜர் மேக் சிங்னு ஒரு அதிகாரி. கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். பல பிரிவுகள்லேர்ந்து தன்னார்வலர்களைச் சேர்த்து 'மேக்தூத் ஃபோர்ஸ்'னு ஒரு சின்னக் குழு அமைச்சார். அந்த அனுபவத்துலேர்ந்துதான் 1966-ல 9 பாரா கமாண்டோ உருவாச்சு. இன்னைக்கும் காலாட்படை, பீரங்கிப்படை, பொறியாளர் படைன்னு எங்கேர்ந்தும் ஒரு அதிகாரி பாரா எஸ்.எஃப்-க்குத் தன்னார்வமா போகலாம். அங்க புரொபேஷன் நடக்கும். தேறலைன்னா பழைய பிரிவுக்கே திரும்பணும். அங்க கழிச்ச வருஷங்களோ, தோள்ல இருக்கற ஸ்டாரோ அந்தத் தேர்வுல சலுகை வாங்கித் தராது.

இன்னொரு வழி என்.எஸ்.ஜி. இது டெபுடேஷன். கொஞ்ச வருஷம் வேலை பார்த்துட்டுத் தாய்ப்பிரிவுக்குத் திரும்பிடுவாங்க. மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் 1999-ல பிகார் ரெஜிமென்ட்ல சேர்ந்தவர். என்.எஸ்.ஜி-க்குப் போனது அப்புறம்தான். 2008 நவம்பர்ல மும்பை தாஜ் ஹோட்டல்ல உயிர் கொடுத்தார். 2016 ஜனவரியில பதான்கோட்ல இறந்த லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். அங்க அவர் பார்த்த வேலை வெடிகுண்டு செயலிழப்பு. கவனிங்க, முதல்ல கத்துக்கிட்ட தொழில் வீணாப் போகல. அதைத்தான் கூட எடுத்துட்டுப் போனார்.

இப்போ தங்கச்சியோட விஷயத்துக்கு வரேன். பெண்கள் நிலைமை வேற.

ராணுவத்துல கதவு திறந்துக்கிட்டுதான் வருது. 2020-ல உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கச் சொல்லுச்சு. 2023-ல சென்னை ஓ.டி.ஏ-வில பயிற்சி முடிச்ச ஐந்து பெண்கள் முதல் தடவையா பீரங்கிப்படைக்குப் போனாங்க. ஆனா காலாட்படையும் பாரா எஸ்.எஃப்-உம் இன்னும் மூடியே இருக்கு. கடற்படையோ, 2022 டிசம்பர்லயே மார்கோஸுக்குப் பெண்களும் தன்னார்வமா வரலாம்னு முடிவெடுத்ததா செய்தி வந்துச்சு.

அதனால ஒரு பையன் ராணுவத்துல சேர்ந்தா அடுத்த கதவு அந்தக் கட்டடத்துக்குள்ளயே இருக்கு. உங்களுக்குத் திறந்திருக்கற கதவு வேற கட்டடத்துல இருக்கு. நடுவுல வழி கிடையாது. முதல் விண்ணப்பமே முடிவு மாதிரி ஆயிடுது. அதுலயும் ஒரு முடிச்சு: சி.டி.எஸ் எழுதி ஓ.டி.ஏ போக எந்தப் பட்டமும் போதும். கடற்படையோட எக்சிக்யூட்டிவ் கிளைக்குப் பெரும்பாலும் பி.இ., பி.டெக் கேக்கறாங்க. பி.ஏ படிக்கறவங்க இதை மூணாம் வருஷத்துல தெரிஞ்சுக்கறது ரொம்ப லேட்.

அதனால நான் சொல்றது இதுதான். கமாண்டோ பேட்ஜை மட்டும் மனசுல வெச்சு ஃபார்ம் நிரப்பாதீங்க. குறுகிய காலப் பணின்னாலே பத்து வருஷம். அந்த பேட்ஜ் வரவே இல்லைன்னாலும் பத்து வருஷம் காலையில எழுந்து சந்தோஷமா பார்க்கற வேலை எது? சிக்னல்ஸா, இன்ஜினியர்ஸா, கப்பலா? அதை முதல்ல முடிவு பண்ணுங்க. ரெண்டாவது கதவு நாளைக்குத் திறந்தா, அன்னைக்கு நீங்க உள்ள இருக்கணும், கையில ஒரு தொழிலோட.

எந்தப் படையைத் தேர்ந்தெடுத்தாலும் எஸ்.எஸ்.பி அஞ்சு நாள் தேர்வு உண்டு. நமக்குப் பக்கத்துல பெங்களூர்ல சென்டர் இருக்கு. மலையில ஓடிப் பழகின காலு உங்களுக்கு. அதோட பேசிப் பழகுங்க, குழுவா வேலை செஞ்சு பழகுங்க.

தேதி வந்ததும் இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க தங்கச்சி. அடுத்த வாரம் பார்க்கலாம்.