கொலஸ்திரோல் என்னும் கணக்கு





“கொலஸ்திரோல் கூடிவிட்டதாம்” என்ற பேச்சு இன்று எங்கள் வயல் வரம்புகளிலும் கேட்கின்றது. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இரத்தம் கொடுத்துவிட்டு ஒரு கடதாசியுடன் வீடு திரும்புகின்றோம். அதில் நாலைந்து எண்கள் இருக்கின்றன. எண் கூடியிருந்தால் அஞ்சுகின்றோம்; குறைந்திருந்தால் மகிழ்கின்றோம். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. அதை ஏன் கேட்கவேண்டும் என்று சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. கொழுப்பும் இரத்தத்தில் கரையாது. ஆகவே உடம்பு கொழுப்பைப் புரதத்தால் பொதிந்து சிறுசிறு வண்டிகளில் ஏற்றி அனுப்புகின்றது. இவ்வண்டிகளே கொழுப்புப்புரதங்கள். எல்.டீ.எல். என்பது கொலஸ்திரோலை ஏற்றிச் செல்லும் வண்டி. அது மிகுந்தால் இரத்தக் குழாயின் சுவரில் கொழுப்புப் படிகின்றது. எச்.டீ.எல். கொலஸ்திரோலை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுசெல்வது. வீ.எல்.டீ.எல். என்ற மூன்றாவது வண்டியின் பெரும் பாரம் திரைகிளிசரைட்டு என்னும் வேறொரு கொழுப்பு.

இவற்றைப் பிரித்தறிந்த விதத்தைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். விதைநெல் தெரிவதற்கு, ஒரு முட்டை மிதக்கும் வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டுகின்றோமல்லவா? சப்பி மிதக்கும்; மணி பிடித்த நெல் தாழும். சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வெட்பேர்க் முதலில் அமைத்த வகை அதிவேகச் சுழல் இயந்திரத்தைக் கொண்டு, அமெரிக்காவின் பேர்க்கிலி நகரில் ஜோன் கொவ்மன் என்பவரும் அவருடைய தோழர்களும் 1949ஆம் ஆண்டளவில் இதே நியாயத்தைக் கையாண்டனர். இரத்தத் தெளிநீரில் உப்பைச் சேர்த்து, நிமிடத்துக்கு 50,000 தடவைக்கு மேல் சுழற்றினர். கொழுப்பு வண்டிகள் தத்தம் அடர்த்திக்கேற்ப வெவ்வேறு வேகத்தில் மேலே மிதந்தன. இன்றும் மற்ற முறைகளைச் சரிபார்க்க அதிவேகச் சுழற்சியே அளவுகோலாக நிற்கின்றது. ஆனால் அந்த இயந்திரம் விலை மிக்கது. வேலையும் நெடுநேரம் எடுக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் அதைச் செய்ய இயலாது.

ஆகவே 1972இல் பிரீடவால்ட், லெவி, பிரெட்ரிக்சன் என்னும் மூவர் ஓர் எளிய கணக்கை வெளியிட்டனர். மொத்தக் கொலஸ்திரோலையும் எச்.டீ.எல்.ஐயும் திரைகிளிசரைட்டையும் இரசாயன முறையால் அளந்துகொள்வது. திரைகிளிசரைட்டை ஐந்தால் வகுத்தால் வீ.எல்.டீ.எல். வண்டியிலுள்ள கொலஸ்திரோல் ஏறத்தாழக் கிடைக்கும். அதையும் எச்.டீ.எல்.ஐயும் மொத்தத்திலிருந்து கழித்தால் எஞ்சுவது எல்.டீ.எல்.

100 மில்லிலீற்றர் தெளிநீரில் மொத்தம் 200 மில்லிகிராம், எச்.டீ.எல். 35, திரைகிளிசரைட்டு 150 என்று வையுங்கள். எல்.டீ.எல். 135 என்று வரும். மற்றவை மாறாமல் திரைகிளிசரைட்டு மட்டும் 450 ஆனால் அதே கணக்கு 75 என்று காட்டும். கடதாசியைப் பார்த்தவர் ஆறுதலடைவார். ஆனால் அந்த ஆறுதலுக்கு அத்திவாரமில்லை. திரைகிளிசரைட்டு மிகும்போது ஐந்தால் வகுக்கும் விகிதம் பிழைத்து, கழிக்கவேண்டியதற்கு மேலாகக் கழிக்கப்பட்டுவிடுகின்றது. 400க்கு மேற்பட்டால் இக்கணக்கு உதவாது என்று அம்மூவருமே எழுதிவைத்தனர். சோறு உண்டபின் திரைகிளிசரைட்டு ஏறுமாதலால், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் வழக்கமும் இதனோடு ஒட்டியே நிலைத்தது.

இது தூர தேசத்துச் சங்கதியென்று நாம் இருந்துவிட முடியாது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் நான்கு பகுதிகளில் 2042 பேரைப் பரிசோதித்து 2014இல் வெளியான ஆய்வில், மொத்தக் கொலஸ்திரோல் மிகுந்தோர் நூற்றுக்கு 13.9 பேரே. திரைகிளிசரைட்டு மிகுந்தோர் 29.5; எச்.டீ.எல். குறைந்தோர் 72.3. மொத்த எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது எங்கள் இனத்தாருக்கு எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். இலங்கையும் சேர்ந்த தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 58.8. இதை 2007இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. குடும்பப் பாரத்தைச் சுமந்து நிற்கும் வயதிலே ஐந்தாண்டுகளுக்கு மேல் முந்திக்கொள்கின்றது நோய்.

அப்படியாயின் செய்யவேண்டியது என்ன? மொத்தத்திலிருந்து எச்.டீ.எல்.ஐ மட்டும் கழித்துப் பாருங்கள். மேற்சொன்ன இருவருக்கும் 165 என்றே வரும். திரைகிளிசரைட்டின் ஏற்றம் இந்தக் கழித்தலைக் குழப்பாது, செலவும் இல்லை. இன்னொரு வழி, அப்போ-பீ என்னும் புரதத்தை அளப்பது. ஒவ்வொரு எல்.டீ.எல். வண்டியிலும் இப்புரதம் ஒன்றே ஒன்று உண்டு. ஆகவே பாரத்தை நிறுக்காமல் வண்டிகளையே எண்ணிவிடலாம். 2013இலும் 2020இலும் திருத்திய கணக்குகளும் வந்துள்ளன.

வாலிப நண்பர்களே, வீட்டுப் பெரியவர்களை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்பவர்கள் நீங்கள். மூன்று கேள்விகளை மனத்தில் வையுங்கள். இந்த எல்.டீ.எல். அளந்ததா, கணக்கிட்டதா? திரைகிளிசரைட்டு எவ்வளவு? இரத்தம் எடுத்தது வெறும் வயிற்றிலா? இவற்றை வைத்தியரிடம் பணிவுடன் கேளுங்கள். எண் குறைந்துவிட்டதென்று மருந்தைத் தாமாக நிறுத்த எவரையும் விடாதீர்கள்.

விதைநெல்லைத் தெரியும்போது காட்டும் கவனத்தில் ஒரு பங்கையேனும் எங்கள் உயிர்மீது காட்டுவோமாக.