எழுதப் பழக எவ்வளவு செலவாகும்?

இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி மெயில்ல ஒரு பழைய ரசீதைத் தேடி எடுத்தேன். 9,000 ரூபாய். முதல் வேலையில சேர்ந்த புதுசுல ஒரு ஆன்லைன் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குக் கட்டினது. அப்போ என் சம்பளத்துல பாதி அது. எட்டு வாரம் வீடியோ பார்த்தேன், நாலு பயிற்சி எழுதி அனுப்பினேன். நாலுக்கும் ஒரே பதில்தான்: “அருமை, தொடர்ந்து எழுதுங்கள்.”

அருமைன்னு யாராவது சொன்னா சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அதே மாசம் ஆபீஸ்ல என் மேனேஜர் என்னோட ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு, “சரி, இதுல என்ன சொல்ல வர்றீங்க?”ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. வேலையே போயிடுமோன்னு பயந்தேன். பணம் கட்டி வாங்கின பாராட்டு அந்த இடத்துல ஒண்ணுக்கும் உதவல.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டது பெஞ்சமின் ஃபிராங்க்ளின்கிட்ட இருந்து. ஆமா, அமெரிக்கா நூறு டாலர் நோட்டுல இருக்காரே, அவர்தான். பதின்ம வயசுல பாஸ்டன்ல அண்ணனோட அச்சகத்துல வேலை பழகிட்டு இருந்தார். ஒரு நண்பரோட கடிதத்துல வாதம் பண்ணிட்டு இருந்ததை அப்பா எடுத்துப் படிச்சுட்டார். எழுத்துப்பிழை இல்ல, நிறுத்தற்குறி எல்லாம் சரியா இருக்கு, ஆனா தெளிவும் ஒழுங்கும் நயமும் பத்தலைன்னு இடம் காட்டிச் சொன்னார். கவனிங்க, “அருமை”ன்னு சொல்லல.

ஃபிராங்க்ளின் என்ன பண்ணார்னா, லண்டன்ல வந்துட்டு இருந்த ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையோட ஒரு ஒத்தைத் தொகுதியை வாங்கினார். பிடிச்ச கட்டுரையில ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு மட்டும் எழுதி வெச்சுக்குவார். சில நாள் கழிச்சு, மூலத்தைப் பார்க்காம, அந்தக் குறிப்பை வெச்சு முழுக் கட்டுரையையும் தன் வார்த்தையில எழுதுவார். அப்புறம் மூலத்தோட ஒப்பிட்டுத் தன் தப்புகளைத் திருத்துவார். வேலை முடிஞ்சு ராத்திரியில, இல்லன்னா காலையில வேலைக்கு முன்னாடி. இதெல்லாம் அவரோட சுயசரிதையில அவரே எழுதினது.

நான் இதைப் புதுமைப்பித்தனை வெச்சு செஞ்சு பார்த்தேன். அவரோட படைப்புகள் 2002ல நாட்டுடைமை ஆனவை. 1998ல தொடங்கின மதுரைத் திட்டத்துல தன்னார்வலர்கள் தட்டச்சு செஞ்சு போட்டிருக்காங்க, போன்லயே இலவசமா இறக்கிக்கலாம். நான் எடுத்தது ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையோட தொடக்கம். பிள்ளை பிராட்வே முனையில நின்னு கணக்குப் போடுறார். டிராம்ல போனா எவ்வளவு மிஞ்சும், வெற்றிலையா, காப்பியான்னு. அஞ்சு குறிப்பு எடுத்தேன். மூணு நாள் கழிச்சு எழுத உட்கார்ந்தா என் முதல் வாக்கியம் இப்படி வந்தது: “கந்தசாமிப் பிள்ளை வறுமையில் வாடிக்கொண்டிருந்தார்.”

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தொடக்கத்துல வறுமைங்கிற பேச்சே இல்ல. காலணாக் கணக்கு மட்டும்தான். படிக்கிற நாமதான் சிரிச்சுக்கிட்டே, அடடா, இந்த மனுஷன் கையில காசு இல்லையேன்னு கண்டுபிடிக்கிறோம். எட்டு வார வகுப்புல புரியாத விஷயம் அந்த ஒரு ராத்திரியில புரிஞ்சது. ஆபீஸ் ரிப்போர்ட்லயும் நான் இதே தப்பைத்தான் பண்ணிட்டு இருந்தேன். “கணிசமான தாமதம் ஏற்பட்டுள்ளது”ன்னு எழுதுவேன். எத்தனை நாள், எந்த வேலை, யாரால, எதுவும் இருக்காது.

மத்த விஷயங்களைச் சட்டுனு சொல்லிடறேன். எழுத்துப்பிழைக்கு ‘வாணி’, ஒற்று மிகுமா மிகாதான்னு பார்க்க ‘நாவி’, ரெண்டும் இணையத்துல இலவசம். வாக்கியம் சப்புன்னு இருந்தா அதுங்க சொல்லாது, அதையும் தெரிஞ்சுக்கங்க. பழைய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்துல தேடலாம். ஆனா இன்னைக்கு ஒரு சொல்லை எப்படிப் புழங்குறோம்னு பார்க்க க்ரியா அகராதிதான் என் தேர்வு, எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தருவாங்க. வாங்க முடியலன்னா நூலகத்துல பாருங்க. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல நம்ம சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்காரவே தனிப் பகுதி இருக்கு. வீட்டுல டிவி சத்தம் தாங்காதவங்களுக்கு அது பெரிய வரம். மதுரைக்காரங்களுக்கு 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு.

இதுல காசு கொடுத்தும் கிடைக்காதது ஒண்ணுதான்: ஃபிராங்க்ளினோட அப்பா மாதிரி ஒரு ஆள். நான் என் ரூம்மேட்டைப் பிடிச்சேன். அவனுக்கு இலக்கியமே ஆகாது, கிரிக்கெட் மட்டும்தான். “நல்லா இருக்கா”ன்னு கேட்டா, “சூப்பர் மச்சி”ன்னு தப்பிச்சுடுவான். அதனால கேள்வியை மாத்தினேன். கையில பென்சில் கொடுத்து, “படிக்கும்போது எங்கெல்லாம் நின்னு மறுபடி படிக்கிறியோ, எங்கெல்லாம் கண்ணு போனுக்குப் போகுதோ, அங்க ஒரு புள்ளி வை. காரணம் சொல்ல வேணாம்”னேன். முதல் தடவை ஒன்றரைப் பக்கத்துல பத்தொன்பது புள்ளி. ரெண்டு நாள் அவன்கூடச் சரியாப் பேசல. அப்புறம் உட்கார்ந்து பார்த்தா, முக்கால்வாசிப் புள்ளி நான் ரொம்ப ரசிச்சு எழுதின வாக்கியங்கள் மேலயே இருந்தது.

பதிலுக்கு அவன் எழுதுற வேலை விண்ணப்பங்களுக்கு நான் புள்ளி வைக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம், தெருமுனைக் கடையில, ரெண்டு டீ செலவு. அதையும் மாத்தி மாத்தித்தான் கொடுக்கிறோம்.

இந்த எபிசோடோட குறிப்பையும் நேத்து அவன்கிட்ட காட்டினேன். ஏழு புள்ளி வெச்சான். நாலைச் சரி பண்ணிட்டேன், மூணை மனசு வரல, அப்படியே விட்டுட்டேன். உங்க கண்ணு எங்க போனுக்குப் போச்சோ, அது அந்த மூணுல ஒண்ணா இருக்கலாம்.